சுடாத காலைகள்

மெல்பேர்னில், ரோவிலில் இருக்கும் அக்கா வீட்டுக் கராஜில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரோடு ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. சாம்பல் நிறம், ஆளுயரம், இரண்டு பூட்டு. நான்கு தடித்த போல்ட்டுகளால் சுவரோடு முறுக்கியிருப்பதால் அதைக் கழற்றி எறிய யாராலும் முடியவில்லை. இப்போது அக்கா அதற்குள் அரிசி மூட்டைகளையும் மிளகாய்த்தூள் போத்தல்களையும் அடுக்கி வைத்திருக்கிறாள். எலி போகாது, பூச்சி போகாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறாள். மூன்று வருடங்களுக்கு முன்பு வரை அதற்குள் அத்தானின் இரண்டு துவக்குகள், வேட்டைத் துப்பாக்கிகள், இருந்தன.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். ரயில் பெட்டிகள் திருத்தும் பட்டறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். வேட்டைக்குப் போவார். வன்னியில் பதினாறு வயதில் பக்கத்து வளவுக்காரரோடு பன்றி வேட்டைக்குப் போகத் தொடங்கியவர். பிறகு யுத்தம் வந்தது. துவக்கு என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்தது. அவர் மெல்பேர்ன் வந்து, ஆறு வருடம் கழித்து, எல்லா வகுப்புக்கும் போய், எல்லாப் பத்திரத்தையும் நிரப்பி, முறைப்படி ஓர் அனுமதிப் பத்திரம் எடுத்தார். சிட்டிசன்ஷிப் எடுத்த அன்றைக்குக்கூட அவர் அவ்வளவு சந்தோஷப்படவில்லை என்று அக்கா சொல்வாள்.

ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது, துவக்கு ஒழுங்காகப் பூட்டி வைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். சின்ன வயதுப் பையன்தான். அலமாரியை ஆட்டிப் பார்த்தார். இலக்கங்களைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். துவக்குகள் நல்ல துப்புரவாக இருப்பதாகச் சொல்லி, அத்தானுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். கார் தெருமுனையில் திரும்பும்வரை அத்தான் வாசலிலேயே நின்றார்.

"அங்க பொலிஸ் வந்தால் நாங்கள் பின்பக்க வேலியால பாயிறது" என்றார். "இஞ்ச வந்து, வடிவாத் துடைச்சு வச்சிருக்கிறியள் எண்டு சொல்லிப்போட்டுப் போறான்."

அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

நான் வேட்டைக்காரன் இல்லை. ஒரு துவக்கைக் கையில் பிடித்ததும் இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. வீடு நகரத்தின் மறுகோடியில், வெரிபீயில். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் வேலைக்குப் போன என் மனைவி தன் அலுவலகக் கதிரையிலேயே சரிந்து விழுந்தாள். மூளையில் இரத்தக்கசிவு. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செத்தவீட்டில் நான் அழவில்லை. எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அழவில்லை. ஆறாவது வாரம் வேலைக்குப் போனேன். மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ என்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், புல்லு வெட்டினேன். எதுவும் வலிக்கவில்லை. எதுவும் ருசிக்கவுமில்லை. பல்வைத்தியர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் அது வேறு யாருடையதோ போல இருக்குமே, என் உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

பார்க்க வந்த எல்லோரும் எப்படியிருக்கிறாய் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் அத்தானிடம், "இஞ்சாருங்கோ, இந்த முறை போகேக்க இவனையும் கூட்டிக்கொண்டு போங்கோ. வீட்டுக்குள்ள கிடந்து பழுதாப்போறான்" என்றாள். அத்தான் என்னைப் பார்த்தார். "தேத்தண்ணி போடுவியோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. வருடத்தில் ஏழெட்டுத் தடவை போவோம். வெள்ளி மத்தியானம் புறப்பட்டு, கிழக்கே மலைப்பக்கம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடி, ஒரு மண்பாதையின் முடிவில் கூடாரம் அடிப்போம். சனிக்கிழமை விடியும்போது அவர் தனியே போவார். நான் கூடாரத்தடியில் இருப்பேன். எனக்கு இரண்டே இரண்டு விதிகள். ஒன்று, அவர் வாங்கித் தந்த செம்மஞ்சள் தொப்பியைக் கழற்றக் கூடாது. மற்றது, அவர் திரும்பி வரும்வரை கூடாரத்தடியை விட்டு அசையக் கூடாது.

அவர் தேடிப் போனது மரையை. பெரிய மான். இங்கே சாம்பர் என்பார்கள். எப்போதோ ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டவை, இந்தக் காடுகளில் பெருகிவிட்டன. "எங்களுக்கு முதலே வந்து பி.ஆர். எடுத்ததுகள்" என்பார் அத்தான். மரை என்கிற சொல்லை அவர் வாயால் கேட்ட பிறகுதான், அந்த மிருகத்தை ஒரு வாடகைக்காரனைப் போலல்லாமல் அயலவனைப் போலப் பார்க்க எனக்கு வந்தது.

பத்துத் தடவை போனால் ஒன்பது தடவை அவர் வெறுங்கையோடுதான் வருவார். முதலில் எனக்கு அது விளங்கவில்லை. சுடாமல் வந்த நாட்களில்தான் அவர் கூடச் சாப்பிட்டார், நிதானமாக இருந்தார். எங்கே கால்தடம் கண்டது, காற்று எந்தப் பக்கம் மாறியது, நாலு மணித்தியாலம் ஒரு மரத்தடியில் அசையாமல் இருந்தபோது ஒரு வாலபி, சின்னக் கங்காரு, சப்பாத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது என்று ஒன்றிரண்டு சொல்வார். சுட்ட நாட்களில் பேச்சே இருக்காது. ஒருமுறை என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். விழுந்து கிடந்த மரையின் கழுத்தில் கையை வைத்தபடி குந்தியிருந்தார். சூடு அடங்கும்வரை எடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அதன் கண் திறந்திருந்தது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வந்திருந்தது.

இறைச்சி ரோவிலில் பத்து வீட்டுக்குப் போகும். அக்கா வெள்ளிக்கிழமை தவிர்த்து மற்ற நாளில் சமைப்பாள். கொம்புகளை அவர் கொண்டுவருவதே இல்லை. கோயிலில் ஒருவர் அவரைப் பிடித்து, "இந்த வயசில இது பாவம் இல்லையோ?" என்று கேட்டார். "பாவம்தான்" என்று சொல்லிவிட்டு அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அப்படியானால் ஏன் போகிறீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் குவளையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுடுறதுக்கு வாறேல்லை" என்றார். "அதுக்கு முன்னால ஒரு நேரம் இருக்குப் பார். அது எனக்கு முன்னால நிக்கும். சுடலாம், விடலாம். ரெண்டும் என்ர கையில. அங்க ஒருநாளும் எனக்கு அப்பிடி இருந்ததில்லை." அங்கே ஒரு சோதனைச்சாவடியில் அவரை முழங்காலில் இருத்தி, அரை மணித்தியாலம் நெற்றியில் துவக்கை வைத்திருந்தார்கள் என்று அக்கா எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். அவர் அதைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு அந்தக் காடு என்ன தந்தது என்று யோசிக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. யாரும் எப்படியிருக்கிறாய் என்று கேட்காத இடம் அது. காலையில் குளிர் விரல்களைக் கடிக்கும். அது மட்டும் உணர்ந்தது. அதற்காகவே நான் கையுறை போடாமல் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறாவது வருடத்தில் அத்தான் கார்ச்சாவியை என்னிடம் தரத் தொடங்கினார். முழங்கால் வலி என்றார். அந்த வருடம் முழுக்க ஒரு தடவைகூட அவர் சுடவில்லை. வயது போகிறது என்று நினைத்துக்கொண்டேன். தேத்தண்ணிக் குவளையை எடுக்கும்போது கை ஒரு அங்குலம் தள்ளிப் போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அதைப்பற்றி யோசிக்கவில்லை. நாள் முழுக்க மற்றவர்களின் எலும்பில் மயிரிழை வெடிப்புகளைத் தேடுகிற வேலை எனக்கு.

அது மே மாதம். பள்ளத்தாக்கில் பனிப்புகார் இறங்கியிருந்தது. அத்தான் விடியப் போய்விட்டார். எட்டரை மணிபோல், தேத்தண்ணிக்குத் தண்ணீர் காணாது என்று தெரிந்தது. ஓடை இருநூறு அடி கீழே. அசையக் கூடாது என்ற விதி எனக்கு நினைவிருந்தது. தொப்பி காரின் முன்மூடியில் கிடந்ததும் கண்ணில் பட்டது. இரண்டு போத்தல்களை எடுத்துக்கொண்டு, மண்ணிறக் கம்பளிச் சட்டையோடு இறங்கிப் போனேன். தொப்பியை எடுக்கவில்லை.

ஓடைக்கரையில் பன்னச்செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. குனிந்து ஒரு போத்தலை நிரப்பினேன். நிமிர்ந்தபோது எதிர்ச்சரிவில் அத்தானைக் கண்டேன். விழுந்த மரமொன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எழுபது எண்பது மீற்றர் இருக்கும். அவருடைய தொப்பி தெளிவாகத் தெரிந்தது. துவக்கு தோளில் இருந்தது. அதன் தொலைநோக்கிக்குப் பின்னால் அவர் முகம் இருந்தது. குழாயின் வாய் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியாக என் பக்கம் பார்த்தது.

நான் கையைத் தூக்கவில்லை. கத்தவில்லை. குனியவில்லை. இரண்டாவது போத்தல் இன்னும் நிரம்பவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றியது. தண்ணீர் மணிக்கட்டால் வழிந்து சட்டைக்கைக்குள் போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பத்து விநாடியாக இருக்கலாம், ஒரு நிமிடமாகவும் இருக்கலாம். ஒரு பறவை கத்திவிட்டு நின்றது.

பிறகு குழாய் மெல்லக் கீழே இறங்கியது. அவர் துவக்கை மடியில் வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எடுத்ததைத் தடவிப் பார்த்துச் சட்டைப்பைக்குள் போட்டார். நான் இரண்டாவது போத்தலை நிரப்பிக்கொண்டு மேலே ஏறினேன்.

அவர் ஒரு மணித்தியாலம் கழித்து வந்தார். தேத்தண்ணி குடித்தார். "போவம்" என்றார். வழக்கமாக ஞாயிறு மத்தியானம்தான் திரும்புவோம். நான் கூடாரத்தைச் சுருட்டினேன். திரும்பும் வழியில் பக்கன்ஹாமைத் தாண்டினோம். பிறகு அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்குக் கண் சரியில்லை. நேர பாக்கிற இடத்தில புகை மாதிரி. சுத்திவரத் தெரியும். நடுவில இல்லை."

"எவ்வளவு காலமா?"

"ஒரு வருசத்துக்கு மேல. திங்கக்கிழமை பொலிஸ் ஸ்டேசனுக்குப் போகவேணும். நீ வந்து ஓட்டு."

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு துவக்குகளையும் அனுமதிப் பத்திரத்தையும் ஒப்படைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டை அந்தப் பெண் அதிகாரி விரலால் காட்டவேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் கண்வைத்தியர் பார்த்துவிட்டு, விழித்திரையின் மையம் தேய்ந்துவிட்டது, போனதைத் திருப்ப முடியாது என்றார்.

ஓடைக்கரையில் நடந்ததை அக்காவுக்கு நாங்கள் இருவரும் சொல்லவில்லை. கண்ணைக் காரணம் காட்டி நான்தான் கதைத்து வேட்டையை விடவைத்தேன் என்று அவள் தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். "நல்ல காலம், நீ சொன்னபடியாத்தான் கேட்டவர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதை மறுக்கவில்லை. அன்று அவள் கட்டித்தந்த புட்டுப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் நான் ரோவிலுக்குப் போகவில்லை. வேலை நேரம் மாறிவிட்டது என்றேன். வழியிலுள்ள பாலத்தில் நெரிசல் என்றேன். அத்தான்மேல் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. பயமா? அதுவும் இல்லை. எதுவுமே இல்லை என்பதைத்தான் அவர் முன்னால் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை போலும். கடைசியில் அக்கா ஃபோனில் சத்தம் போட்டாள். "உனக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்? அந்த மனிசன் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளியில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார்" என்றாள்.

போனேன். பின்வளவில் எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் அத்தான் இருந்தார். மெலிந்திருந்தார். என் காலடிச் சத்தத்தைக் கேட்டு, முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். இனி எல்லோரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் அவர். அக்கா குசினிக்குள் போனதும் அவர் தொடங்கினார். ஏழு மாதமாக அடுக்கி வைத்திருந்ததைப் போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அண்டைக்கு உன்னை அடையாளம் கண்டுதான் இறக்கினனான் எண்டு நினைச்சிருப்பாய்."

"ஓம்."

"இல்லை. நான் உன்னைக் காணேல்லை. பன்னத்துக்குள்ள மண்ணிறமா ஒண்டு நிமிர்ந்தது. துவக்கால பாக்கக் கூடாது. அது பெரிய பிழை. ஆனால் அதில போட்டிருக்கிற கண்ணாடியால பாத்தால் கொஞ்சம் தெரியுமெண்டு தூக்கினனான். தலை தெரியேல்லை. முழுசாத் தெரியாத ஒண்டைச் சுடக் கூடாது. அதாலதான் இறக்கினனான். விரல் எங்க இருந்ததெண்டு எனக்கே தெரியாது."

அதுவரை என் மனதில் வேறொரு காட்சி இருந்தது. அதில் அத்தான் என்னை அடையாளம் கண்டார், திடுக்கிட்டார், இறக்கினார். அந்தக் காட்சியில் நான் ஒரு ஆளாக இருந்தேன். உண்மையில் பன்னச்செடிக்குள் நிமிர்ந்த மண்ணிறம் மட்டும்தான். ஐம்பது வருடப் பழக்கம் ஒன்றுதான் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றிருக்கிறது.

"பிறகு நீ போத்தலோட ஏறிப் போகேக்க நடையில தெரிஞ்சது" என்றார். "அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் எனக்குக் கால் எழும்பேல்லை."

பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எனக்குத்தான் கண் இல்லை. உனக்கு நல்ல கண். நீ என்னை வடிவாக் கண்டனி. ஏன் தம்பி சத்தம் போடேல்லை?"

எலுமிச்சை மரத்தில் ஒரு காய் பழுத்திருந்தது. அதைப் பார்த்தபடி நின்றேன். ஆறு வருடமாக என்னை எதுவும் கேட்கமாட்டார் என்று நான் நம்பியிருந்த மனிதர் கேட்டுவிட்டார்.

"தெரியாது அத்தான்" என்றேன். பிறகு, "போட வேணும் எண்டு தோன்றேல்லை" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆறுதல் சொல்லவில்லை. டொக்டரிடம் போ என்றும் அன்றைக்குச் சொல்லவில்லை. அதை இரண்டு கிழமை கழித்துச் சொன்னார், நானும் போனேன். அன்றைக்கு என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அக்கா தட்டத்தோடு வந்தபோதும் எடுக்கவில்லை. "என்ன ரெண்டுபேரும் சின்னப் பிள்ளையள் மாதிரி?" என்று அவள் சிரித்தாள்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு என் ஃபோன் அடித்தது. அக்கா அவருக்குப் பெரிய பொத்தான் வைத்த ஃபோன் ஒன்று வாங்கியிருந்தாள். முதல் பொத்தானில் என் எண்ணைப் போட்டுத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"எழும்பியிட்டியோ?"

"ஓம் அத்தான்."

"சரி."

வைத்துவிட்டார். அதற்கடுத்த நாளும் ஆறு மணி. அதற்கடுத்த நாளும். இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. மாரியில் இருட்டாக இருக்கும், கோடையில் வெயில் ஏறியிருக்கும். அதே கேள்வி, அதே பதில். எப்படியிருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் பழையபடி ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். வெரிபீ ரயில் நிலையத்தில் நிற்கும்போது என் கால்கள் வேறு யாருடையதோ போல இருக்கிற நாட்கள் இன்னும் உண்டு. ஆனால் காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு நான் விழித்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் ஃபோன் அடிக்கவில்லை. ஆறு மணி ஆனது. ஆறு ஐந்து. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். ஆறு பத்துக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. கை வியர்த்தது. அது என்னவென்று அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பயம். எண்ணை இரண்டு தடவை பிழையாக அழுத்தி, மூன்றாம் தடவை எடுத்தேன். முதல் மணியிலேயே அவர் எடுத்தார்.

"அத்தான், எழும்பியிட்டியளோ?"

"நான் அஞ்சு மணிக்கே எழும்பியிட்டன்" என்றார் அவர். "நீ எடுப்பியோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."